ஸ்பேடின் மௌனம், மார்லோவின் பேச்சு

டேஷியல் ஹாமெட்டின் ‘த மால்டீஸ் ஃபால்கன்’ 1930-ல் புத்தகமாக வந்தது. அடுத்த பதினோரு வருஷத்துக்குள் வார்னர் பிரதர்ஸ் அதை மூன்று முறை படமாக்கிவிட்டது. 1931-ல் வந்த முதல் படம் கதையை ஓரளவு ஒட்டியே போனது. ஆனால் துப்பறிவாளன் சாம் ஸ்பேடாக வந்த ரிக்கார்டோ கோர்ட்டெஸ் எதற்கெடுத்தாலும் இளித்துக்கொண்டிருந்தார். 1936-ல் அதையே நகைச்சுவையாக்கி, பருந்துச் சிலைக்குப் பதிலாக நகை அடைத்த ஒரு கொம்பைத் தேடவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை. 1941-ல் ஜான் ஹ்யூஸ்டன் முதன்முதலாக இயக்கிய மூன்றாவது படம்தான் நின்றது. நாவலை அப்படியே எடுத்த படம் என்ற பெயரும் அதற்குத்தான்.

உருவத்தில் அது பொய். நாவலின் ஸ்பேட் ஆறடி உயரம், வெளிறிய பழுப்பு முடி. படத்தில் ஸ்பேடாக நடித்த ஹம்ப்ரி போகார்ட்டுக்கு இரண்டும் கிடையாது. ஆனாலும் யாரும் குறை சொல்வதில்லை. காரணம் ஹாமெட் எழுதும் விதம். நள்ளிரவில், கூட்டாளி சுடப்பட்டுச் செத்த செய்தி போனில் வருகிறது. ஹாமெட் நம்மை இருட்டில் நிறுத்திவிடுகிறார்: மணிச் சத்தம், கட்டில் கிரீச்சிடுவது, ஸ்பேட் பேசும் நாலு வார்த்தை. விளக்கைப் போட்ட பிறகு அவன் சிகரெட் சுருட்டுகிறான். தாளில் புகையிலையைப் பரப்புவது முதல் ஓரத்தை நக்கி ஒட்டுவது வரை விரல்கள் செய்வதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அவன் என்ன நினைத்தான்? ஒரு வார்த்தை கிடையாது. ஹ்யூஸ்டனும் கேமராவை டெலிபோன் பக்கமே நிறுத்திவிட்டு போகார்ட்டின் குரலை மட்டும் கேட்கவைக்கிறார். ஹாமெட் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆளைப் பின்தொடர்ந்து, பார்த்ததை மட்டும் அறிக்கையாக எழுதுகிற வேலை அது. நாவல் முழுக்க அந்த நடைதான். கேமராவுக்கு இதைவிட வசதியான மூலம் கிடைக்காது.

என்றாலும் ஹ்யூஸ்டன் இரண்டு இடங்களை வெட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் அதை மன்னிக்க முடிகிறது. ஒன்று, ஃபிளிட்கிராஃப்ட் கதை. டகோமாவில் நிலம் வாங்கி விற்கும் ஒரு குடும்பஸ்தன் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது, கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து உத்தரம் ஒன்று பக்கத்தில் வந்து விழுகிறது. கன்னத்தில் சின்னக் கீறல், அவ்வளவுதான். அவன் அப்படியே ஊரைவிட்டுப் போய்விடுகிறான். சில வருஷம் கழித்து ஸ்பேட் அவனை ஸ்போகேனில் கண்டுபிடிக்கும்போது, வேறு பெயரில், முன்னைப் போலவே ஒரு மனைவி, முன்னைப் போலவே ஒரு வாழ்க்கை. துப்புக்கு இந்தக் கதை எந்த வகையிலும் உதவாது. ஸ்பேடைப் புரிந்துகொள்ள இதைவிட்டால் வேறு வழியும் கிடையாது. இன்னொன்று முடிவு. காதலித்தவளையே ஸ்பேட் போலீஸிடம் ஒப்படைத்ததை அறிந்த அவன் செக்ரட்டரி எஃபி, மறுநாள் அவன் தொடுவதைக்கூடப் பொறுக்காமல் விலகுகிறாள். படத்தில் அந்தக் காலையே விடிவதில்லை. அதனால் ஸ்பேட் நாயகனாகவே வெளியேறிவிடுகிறான்.

ரேமண்ட் சாண்ட்லரிடம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அவருடைய ஃபிலிப் மார்லோ ‘நான்’ என்று ஆரம்பித்து ஓயாமல் பேசுகிறவன். கதை வெறும் சாக்கு. 1946-ல் வெளிவந்த ‘த பிக் ஸ்லீப்’ படத்தை ஹவர்ட் ஹாக்ஸ் எடுத்தபோது, கார் டிரைவரைக் கொன்றது யார் என்று தந்தி அடித்துக் கேட்டார்கள். தனக்கே தெரியவில்லை என்று பதில் சொன்னதாக சாண்ட்லரே எழுதியிருக்கிறார். தணிக்கை விதிகளுக்குப் பயந்து ஆபாசப் புத்தக வியாபாரத்தை மழுப்பி, கொலைப் பழியை இடம் மாற்றி, போகார்ட்டுக்கும் லாரன் பக்காலுக்கும் நிறைய சரசம் சேர்த்தார் ஹாக்ஸ். அப்படியும் மார்லோவின் நக்கல் தப்பிவிட்டது. 1978-ல் மைக்கேல் வின்னர் எடுத்தபோது அந்தத் தடைகள் கிடையாது. நாவலின் சம்பவங்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. ஆனால் லாஸ் ஏஞ்சலஸை விட்டு லண்டனுக்குப் போய்விட்டார். அந்த ஊரின் பகட்டும் ஊழலும் இல்லாமல் மார்லோ எதைப் பார்த்து நக்கலடிப்பான்?

‘லேடி இன் த லேக்’ (1947) படத்தில் ராபர்ட் மான்ட்கோமரி ‘நான்’ என்பதை நேராகவே எடுத்துக்கொண்டார். கேமராதான் மார்லோ. கண்ணாடி வரும்போதுதான் பெரும்பாலும் அவன் முகம் தெரியும். மற்றவர்கள் லென்ஸைப் பார்த்துப் பேசுவார்கள், லென்ஸுக்கே முத்தமும் கொடுப்பார்கள். அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. சாண்ட்லரின் ‘நான்’ பார்க்கிறவன் மட்டுமல்ல, பார்த்ததைப் பற்றிப் பேசுகிறவன்.

ராபர்ட் ஆல்ட்மனின் ‘த லாங் குட்பை’ (1973) வந்தபோது சாண்ட்லர் ரசிகர்கள் கொதித்தார்கள். திரைக்கதை லீ பிராக்கெட். ‘த பிக் ஸ்லீப்’ எழுதியவர்களில் ஒருவரும் அவர்தான். படம் பூனையோடு தொடங்குகிறது. நடுராத்திரியில் பூனைக்குப் பிடித்த பிராண்ட் உணவு கடையில் இல்லை. எலியட் கூல்டின் மார்லோ வேறொன்றை வாங்கி வந்து, பழைய டப்பாவில் போட்டு, பூனை எதிரே திறந்து காட்டுகிறான். பூனை ஏமாறாமல் வெளியேறிவிடுகிறது. நாவலில் இப்படி ஒரு காட்சியே இல்லை. ஆனால் தகுதியில்லாத நண்பனுக்காகக் கடைசிவரை அலைகிற மார்லோ அப்படியே இதில் இருக்கிறான்.

முடிவுதான் இடிக்கிறது. நாவலில் துரோகம் செய்த அந்த நண்பன் டெரி லெனாக்ஸை மார்லோ போகவிடுகிறான். அவன் காலடிச் சத்தம் நின்று திரும்பி வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். படத்தில் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஹார்மோனிக்கா வாசித்துக்கொண்டு போகிறான். 1946-ன் தணிக்கை இதை விட்டிருக்காது. பூனையை என்னால் சாண்ட்லர் கணக்கில் எழுதிக்கொள்ள முடிகிறது; அந்தத் தோட்டாவை ஆல்ட்மன் கணக்கில்தான் எழுத வேண்டும்.