கேட்டபல்ட் பங்குக்கு டிவிடெண்ட் எப்போது? – சந்தேகங்களும் விளக்கங்களும்

கோல் அடித்த வீரர் ஜெர்சியைக் கழற்றினால் உள்ளே கறுப்பு அரை பனியன் ஒன்று தெரியும். அதன் முதுகுப் பக்கம், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, சின்னக் கருவி ஒன்று செருகப்பட்டிருக்கும். எவ்வளவு தூரம் ஓடினார், எந்த வேகத்தில் திரும்பினார் என்பதையெல்லாம் அது அளக்கும். இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒன்று மெல்போர்னின் கேட்டபல்ட். 2006-ல் தொடங்கிய இந்நிறுவனம் 2014 டிசம்பரில் ஒரு பங்கு 55 சென்ட் என்று ஆஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கு வந்தது. அங்கே வங்கிகளும் சுரங்க நிறுவனங்களும் ஆண்டுக்கு இரண்டு முறை டிவிடெண்ட் கொடுத்து முதலீட்டாளர்களைப் பழக்கிவைத்திருக்கின்றன. அதனால் இந்தப் பங்கைப் பற்றியும் அதே கேள்விகள்தான் வருகின்றன.

இதுவரை எவ்வளவு டிவிடெண்ட் கொடுத்திருக்கிறது?

ஒரு சென்ட்கூட இல்லை.

விற்பனை கூடுகிறது, பணமும் மிஞ்சுகிறது. பிறகு ஏன் கொடுப்பதில்லை?

2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் வருவாய் 11.65 கோடி அமெரிக்க டாலர். செலவெல்லாம் போக மிஞ்சிய ரொக்கம் 86 லட்சம் டாலர். ஆனால் கணக்கில் 88 லட்சம் டாலர் நஷ்டம். மிஞ்சிய ரொக்கம் முழுவதையும் பங்குதாரர்களுக்கே கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். பங்குகள் சுமார் 27 கோடி. பங்குக்கு 3 அமெரிக்க சென்ட், அதாவது 5 ஆஸ்திரேலிய சென்ட்டுக்கும் குறைவு. 2025 நடுவில் பங்கின் விலை 5 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதற்காகக் கம்பெனியின் கல்லாவைக் காலி செய்யச் சொல்வதில் அர்த்தமில்லை.

நஷ்டம் என்கிறீர்கள், ரொக்கம் மிஞ்சியது என்கிறீர்கள். இரண்டும் எப்படி?

கருவியை ஒரே தடவையாக விற்றுவிடுவதில்லை, சந்தாவுக்குத்தான் கொடுக்கிறார்கள். சந்தாவை முன்பணமாக வாங்கும்போது காசு முதலில் வந்துவிடும். வருவாயாக அது மாதாமாதம்தான் கணக்கில் ஏறும். இன்னொரு பக்கம், 2021-ல் எஸ்பிஜி என்ற பிரிட்டிஷ் வீடியோ மென்பொருள் நிறுவனத்தைப் பணமும் பங்குமாகக் கொடுத்து வாங்கினார்கள். அப்படி வாங்கிய மென்பொருளின் மதிப்பை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுப்பதும் செலவுதான். இவற்றுக்காக அந்த ஆண்டில் பணம் வெளியே போவதில்லை. நஷ்டம் மட்டும் எழுதப்படும்.

நஷ்டத்தில் இருப்பதால் சட்டம் தடுக்கிறதா?

2010 வரை ஆஸ்திரேலியாவில் லாபத்திலிருந்து மட்டுமே டிவிடெண்ட் கொடுக்க முடியும். கம்பெனிச் சட்டம் அந்த ஆண்டு மாறியது. இப்போது சொத்து கடனைவிடப் போதுமான அளவு அதிகமாக இருக்க வேண்டும், பங்குதாரர்கள் எல்லாருக்கும் நியாயமாக இருக்க வேண்டும், கடன்காரர்களுக்குப் பாதகம் வரக் கூடாது. ஆக, கொடுக்காததற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. அது நிர்வாகத்தின் முடிவு.

கொடுத்தால் வரிச் சலுகை உண்டா?

ஆஸ்திரேலிய முதலீட்டாளருக்கு டிவிடெண்ட் மீது இவ்வளவு பிரியம் வரக் காரணமே ‘பிராங்கிங் கிரெடிட்’தான். 1987-லிருந்து இருக்கிறது. கம்பெனி 100 டாலர் சம்பாதித்து 30 டாலர் வரி கட்டிவிட்டு 70 டாலரைக் கொடுத்தால், அந்த 30 டாலரைப் பங்குதாரரே கட்டியதாகக் கணக்கு. அவருக்கு வரியே இல்லையென்றால் 30 டாலரும் ரொக்கமாகத் திரும்பும். இப்படி ரொக்கமாகத் திருப்பித் தருவதை நிறுத்துவோம் என்று சொல்லிக்கொண்டு 2019 தேர்தலுக்குப் போன லேபர் கட்சி தோற்றது. அந்த ஊரில் இது அவ்வளவு பெரிய விஷயம்.

கேட்டபல்ட்டுக்கு இது பொருந்தாது. உள்நாட்டில் வரி கட்டினால்தான் பிராங்கிங் சேரும். பழைய நஷ்டங்களை வருங்கால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் லாபம் வந்தாலும் உடனே பெரிய வரி இருக்காது. வியாபாரத்தில் பெரும்பகுதி வெளிநாட்டில். அமெரிக்காவில் கட்டும் வரிக்கு பிராங்கிங் கிடையாது. எனவே முதல் டிவிடெண்ட் வரும் நாளிலும் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

கார்மின் கொடுக்கிறதே?

கொடுக்கிறது. ஆனால் விளையாட்டு வாட்ச் விற்கும் கார்மின் 2024-ல் ஈட்டிய நிகர லாபம் சுமார் 141 கோடி டாலர். அந்த ஆண்டு பங்குக்கு 3 டாலர் என்று அறிவித்து நான்கு தவணையாகக் கொடுத்தது. 2003-லிருந்து கொடுத்துவருகிற கம்பெனி அது. கார்மினின் பதிவு சுவிட்சர்லாந்தில் என்பதால் டிவிடெண்டைப் பங்குதாரர் கூட்டம் வாக்களித்து ஏற்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலோ வழக்கமாக இயக்குநர் குழுதான் முடிவு செய்யும். கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்?

பங்குகளின் எண்ணிக்கையை. 2025 அக்டோபரில் ஜெர்மனியின் இம்பெக்ட் என்ற கால்பந்துத் தரவு நிறுவனத்தை வாங்குவதற்காகப் புதிய பங்குகளை விற்றுப் பணம் திரட்டியது கேட்டபல்ட். பங்குதாரரிடம் பணம் வாங்குகிற கட்டத்தில் இருக்கும் கம்பெனி, அவருக்குப் பணம் கொடுக்கும் கட்டத்துக்கு வர நாளாகும். ஊழியர்களுக்கும் புதுப் பங்குகள் போகின்றன. உங்கள் பங்கு அதேதான், கம்பெனியில் உங்கள் பாகம் மட்டும் சுருங்கிக்கொண்டே வரும். டிவிடெண்ட் வராததைவிட இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மாதச் செலவுக்கு டிவிடெண்டை நம்பியிருப்பவர்கள் இந்தப் பங்கை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையில் மொத்தப் பங்குகள் எத்தனை என்ற வரியைச் சென்ற ஆண்டு வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.