வலமும் இடமும்



மொறிஸ் மைனர் காரை அறியாத முதியோர் நம் யாழ்ப்பாணத்தில் அரியர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. மாதிரி வண்டி ஒடுக்கமாய்த் தோன்றவே, அவர் அதனை நடுவே இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார் என்பர். 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் உருவாயின. பெற்றோலுக்குத் தடையிருந்த 1990களில் மண்ணெண்ணெயில் ஓடி நம்மைச் சுமந்தவற்றுள் அவையும் உண்டு.

அத்தகைய வண்டி ஒன்று எமது பங்கிலும் உண்டு. பெரியவர் ஒருவர் அதனைப் பிள்ளைபோற் பேணி வந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, நடக்கவியலாத தம் தாயாரை அதிலேயே தென்மராட்சிக்குக் கொண்டு சேர்த்தார். அண்மையில் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகன், ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு அவ்வண்டியிலேயே மடுவுக்குப் போக விரும்பினார். முன்பக்கத்தில் ஏதோ தட்டும் ஓசை கேட்டது. தந்தையைக் கேளாமலே கழற்றத் தொடங்கினார். கேளாமைக்குக் காரணமும் இருந்தது: ஈராண்டாக இருவருக்குமிடையே பேச்சுக் குறைவு.

இவ்வண்டியின் முன்பக்கத்திற் சுருள்வில் இல்லை. வண்டியின் நீளவாக்கிற் கிடக்கும் உருக்குத் தண்டு ஒன்றே வில்லின் வேலையைச் செய்கிறது. அதன் பின்முனை அடிச்சட்டத்தோடு அசையாது பிணைந்திருக்கும். முன்முனை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையிற் பற்களாற் பொருந்தியிருக்கும். சக்கரம் பள்ளமேடுகளில் ஏறி இறங்குந்தோறும் தண்டு முறுகி மீளும். மேற்கையோ எண்ணெய் நிரம்பிய சொக் அப்சோபரின் கையேதான். இவ்விரு கைகளுக்குமிடையே, மேலும் கீழும் புரியிட்ட ஓர் ஊசி நிமிர்ந்து நிற்கிறது, கிங்பின் என்பர். அதன் இரு முனைகளும் ட்ரனியன் எனப்படும் புரிக்கூடுகளுள் திரும்புகின்றன. சக்கரத்தைத் திருப்பும் வேலையும் தாங்கும் வேலையும் அங்கேயே நிகழ்கின்றன.

மகன் வலப்பக்கத்தைக் கழற்றியபோது, முறுகிநின்ற தண்டு விடுபட, கீழ்க்கை பேரொலியோடு இறங்கி முட்டுக்கட்டையைப் பிளந்தது. அவர் கை ஒரு சாண் தள்ளியிருந்ததால் தப்பியது. செய்தியறிந்து நாம் சென்றபோது, பழைய மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றோம். மகன் அப்போது இடப்பக்கத்து மரையாணியிற் சாவியை வைத்திருந்தார்.

“தம்பி, கையை எடும். கீழ்க்கைக்கு ஜக்கைக் கொடாமல் அதைத் தொடக்கூடாது” என்றார் மெக்கானிக்.

பின்னர் அவர் கற்பித்த ஒழுங்கு எமக்கும் பாடமாயிற்று. முதலிற் கீழ்க்கையை ஜக்கினால் தாங்கி, இணைப்பைக் கழற்றியபின் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். தண்டை உருவுமுன் அதன் பல்லும் கையின் பல்லும் சந்திக்குமிடத்தைக் குறியிட வேண்டும். ஒரு பல் மாறினும் வண்டியின் உயரம் மாறும். தண்டிற் கீறல் விழவும் விடலாகாது; கீறலிலிருந்தே முறிவு தொடங்கும். ஒரு பக்கத்திலே உழைத்த தண்டை மறுபக்கம் பூட்டுதலும் தகாது. பல்லாண்டு ஒரு திசையில் முறுகிப் பழகியதனை எதிர்த்திசையில் முறுக்கினால் அது தாங்காது.

கழற்றிய உறுப்புகளையோ மகன் தந்தையின் பழைய உதிரிப் பெட்டியுள் எறிந்திருந்தார். அதனுள் இரு பக்கத்துப் புரிக்கூடுகளும் கலந்து கிடந்தன. மெக்கானிக் அனைத்தையும் மண்ணெண்ணெயிற் கழுவி, பலகையில் வலம் இடம் எனக் கோடிட்டு, ஒவ்வொன்றையும் ஊசியில் விரலாற் சுழற்றிப் பார்த்தார். ஒரு பக்கத்துப் புரி வலஞ்சுழி, மறுபக்கத்தது இடஞ்சுழி. மாறியது ஏறாது. “ஏறாவிட்டால் அதன் இடம் வேறு, தம்பி. பலவந்தம் செய்தால் இரண்டும் கெடும்” என்றார்.

இடப்பக்கத்துக் கீழ்ப் புரிக்கூட்டை எடுத்ததும் அவர் பேச்சு நின்றது. புரி தேய்ந்து காகிதம் போலாகியிருந்தது. இக்கூடு விட்டால் சக்கரம் மடிந்து வண்டி சாய்ந்துவிடும். ஐந்து பேர் ஏறிச் செல்லவிருந்த வண்டி அது.

“அப்பா கிறீஸ் போடாமல் விட்டதால் வந்த வினை” என்றார் மகன். திண்ணையிலிருந்த பெரியவர் நடுங்கும் குரலில், “மாதந்தவறாமற் போட்டேனே” என்றார்.

இருவர் முகத்தையும் நாம் மாறிமாறிப் பார்த்து நின்றோம். மெக்கானிக்கோ கிறீஸ் நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்திற் பிடித்தார். முன்னொரு காலத்தில் வண்டிக்கு நிறம் பூசியபோது அதன் துளை அடைபட்டிருந்தது. போட்ட கிறீஸ் வெளியே வழிந்ததேயன்றி உள்ளே ஒரு துளியும் செல்லவில்லை. பார்வை மங்கிய பெரியவருக்கு அது தெரியவில்லை.

“சுவாமி, ஐயா போட்டதும் மெய், உள்ளே போகாததும் மெய்” என்றார் மெக்கானிக்.

மகன் நெடுநேரம் அந்நிப்பிளையே பார்த்திருந்தார். பின்பு எழுந்து தந்தையின் அருகே போய் அமர்ந்தார். என்ன பேசினார்களோ, நாம் கேட்கவில்லை. கேட்க விரும்பவும் இல்லை.

உடலின் உறுப்புகளுள் வலுக்குறைந்தனவாய்த் தோன்றுபவையே மிகத் தேவையானவை எனப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்திற் கற்பிக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துளை, ஒரு குடும்பத்தின் உயிரையே பணயமாக்கியிருந்தது. நம் இல்லங்களிலும் அன்பு இல்லாமற் போவதில்லை. பெற்றோர் மாதந்தவறாமல் ஊட்டிக்கொண்டுதான் இருக்கின்றனர்; பழைய பூச்சு ஒன்று வழியை அடைத்துவிட, அது வெளியே வழிந்து வீணாகிறது. குற்றஞ்சாட்டுமுன் நிப்பிளைக் கழற்றிப் பார்ப்போமாக.

அவ்வாண்டு அக்குடும்பம் மடுவுக்குப் பேருந்திற் சென்றது. புதிய புரிக்கூடுகள் பூட்டப்பெற்ற மொறிஸ், நத்தார் நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்து சேர்ந்தது. மகன் ஓட்டினார், தந்தை அருகே இருந்தார். மாதந்தோறும் கிறீஸ் போடும்போது பழைய கிறீஸ் மறுபுறம் பிதுங்கி வருகிறதா எனப் பார்க்கும் பொறுப்பு இப்போது பேரனுடையது.