உங்களுக்குத் தெரியுமா? பிளாக் கரண்ட் ஜாம் ஸ்பெஷல்

◆ ஐஸ்கிரீம் கடையில் ‘பிளாக் கரண்ட்’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற நம்மில் பலர் அந்தப் பழத்தைச் செடியில் பார்த்திருக்க மாட்டோம். வட ஐரோப்பாவும் வட ஆசியாவும்தான் அதன் சொந்த மண். ஆளுயரப் புதர், கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். குளிர்காலத்தில் பல வாரங்கள் நன்றாகக் குளிரில் கிடந்தால்தான் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். நம் வெயிலில் அதற்கு வேலையில்லை. மளிகைக் கடையில் இதே பெயரைச் சொல்லிப் பொட்டலம் கட்டித் தருவது பெரும்பாலும் உலர்ந்த கருந்திராட்சை. இரண்டுக்கும் உறவே கிடையாது.

◆ ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கிய ரகங்களுக்கெல்லாம் மலைகளின் பெயர்: பென் லோமண்ட், பென் நெவிஸ், பென் ஹோப். இப்போது அங்கேயும் குளிர்காலம் இளகி வருவதால், குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்களைத் தேடுகிறார்கள்.

◆ ஜாம் உறைய மூன்று சமாச்சாரம் வேண்டும்: பெக்டின், புளிப்பு, சர்க்கரை. ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு. எலுமிச்சைச் சாற்றையோ, கடையில் விற்கும் பெக்டின் பொடியையோ தேடி ஓட வேண்டும். பிளாக் கரண்டுக்கு முதல் இரண்டும் உள்ளேயே தாராளம், சர்க்கரை மட்டும்தான் நம் செலவு. முதல்முறை ஜாம் கிண்டப் போகிறவருக்கு இதைவிடத் தோதான பழம் கிடையாது என்பேன். பெக்டினை முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஆன்ரி பிராக்கனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர். ஆண்டு 1825.

◆ அப்பேர்ப்பட்ட பழத்தையும் கெடுக்க ஒரு வழி உண்டு: அவசரப்பட்டுச் சர்க்கரையைக் கொட்டுவது. பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றினால் என்ன ஆகும்? அதே கதைதான். பிளாக் கரண்டின் தோல் தடிமனானது. வேகாத தோலில் சர்க்கரை பட்டால் அது இறுகிவிடும், அப்புறம் எத்தனை நேரம் கொதித்தாலும் மென்மையாகாது. ஜாமில் ரப்பர்த் துணுக்குகள் மிதக்கும்.

பழைய பிரிட்டிஷ் கணக்குப்படி ஒரு கிலோ பழத்துக்குத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு லிட்டர், சர்க்கரை ஒன்றரை கிலோ. முதலில் பழமும் தண்ணீரும் மட்டும். மெல்லிய தீயில் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஆகட்டும். ஒரு பழத்தை எடுத்து விரலால் நசுக்கினால் தோல் மசிய வேண்டும். அதன் பிறகுதான் சர்க்கரை. கடைசிக் குருணை கரையும்வரை கொதிக்க விடக்கூடாது. கரைந்ததும் தீயை முழுசாக ஏற்றிவிடலாம். பத்து நிமிடத்துக்குள் பதம் வந்துவிடும். கிட்டத்தட்ட இரண்டரை கிலோ ஜாம் கிடைக்கும்.

ஒன்றரை கிலோ சர்க்கரையா என்று மலைக்க வேண்டாம். இனிப்புக்கு மட்டுமா அது? ஜாமில் சர்க்கரை அறுபது சதவீதத்தைத் தொட்டால், இருக்கிற தண்ணீரையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் குடிக்க மிச்சமில்லை.

◆ பதம் பார்க்க ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஜாமில் ஒரு சொட்டை அதில் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும். சோதிக்கிற நேரத்தில் அடுப்பை அணைக்க மறக்கக் கூடாது. அந்த ஒரு நிமிடத்தில் பதம் தாண்டிவிடும்.

தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 104.5 டிகிரி செல்சியஸ் பார்ப்பார்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடும். அங்கே எந்தப் பழத்தில் ஜாம் கிண்டினாலும் 97 டிகிரியிலேயே பதம் வந்துவிடும். புத்தகத்தில் உள்ள எண்ணுக்காகக் காத்திருந்தால் மிட்டாய்தான் கிடைக்கும்.

◆ கொத்திலிருந்து பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளினால் பொழுது போய்விடும். முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே காம்பை வைத்து இழுத்தால் மொத்தமும் உதிரும். இன்னும் சுலபம்: கொத்தோடு ஃப்ரீசரில் உறைய வைத்து, பையோடு சேர்த்துக் குலுக்குவது.

◆ கிண்டிய ஜாமை வருடக் கணக்கில் வைத்திருக்கும் வித்தைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர் ஒரு மிட்டாய்க்காரர். பெயர் நிக்கோலா அப்பேர், பிரான்ஸ்காரர். உணவைக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, புட்டியோடு வெந்நீரில் கொதிக்க வைத்தார். கெடவில்லை. 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. ஒரே நிபந்தனை: ரகசியத்தைப் புத்தகமாக எழுதி ஊருக்குச் சொல்ல வேண்டும். எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், அது ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. காற்றை வெளியேற்றியதால்தான் என்று பலர் நினைத்தார்கள். உணவு கெடக் கிருமிகள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் நிரூபிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. காரணம் தெரியாமலேயே உலகம் அதுவரை புட்டி புட்டியாக அடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

◆ மறை போட்ட வாயுள்ள கண்ணாடி ஜாடிக்கு 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கரான ஜான் லாண்டிஸ் மேசன். ‘மேசன் ஜாடி’ என்று இன்றும் அவர் பெயரில்தான் விற்கிறது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்து காசு பார்த்தார்கள். மேசன் 1902இல் ஏழையாகவே இறந்தார்.

◆ இறைச்சியையும் காய்கறியையும் வீட்டில் ஜாடியில் அடைக்க பிரஷர் கேனர் கட்டாயம். பிளாக் கரண்ட் ஜாமுக்குச் சாதாரணக் கொதிநீரே போதும். போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியா, pH 4.6க்குக் கீழே தலையெடுக்காது. இந்த ஜாமின் pH அந்தக் கோட்டுக்கு வெகு கீழே.

கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த ஜாடியில், விளிம்புக்குக் கால் அங்குலம் விட்டு, சூட்டோடு ஊற்றி, மூடியைத் திருகி, ஜாடி முழுக மூழ்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். 6,000 அடிக்கு மேல் உள்ள ஊர்களில் பதினைந்து நிமிடம். ஆறும்போது மூடி ‘டிக்’கென்று உள்வாங்கும். மறுநாள் மூடியின் நடுவில் அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஜாடி நேராக ஃப்ரிட்ஜுக்கு. ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதும், மெழுகை உருக்கி ஊற்றி மூடுவதும் அந்தக் காலத்துப் பழக்கங்கள். இன்று யாரும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

◆ இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்ததால் பிரிட்டனில் ஆரஞ்சுப் பழத்துக்குப் பஞ்சம். 100 கிராம் பிளாக் கரண்டில் வைட்டமின் சி சுமார் 180 மில்லிகிராம், ஆரஞ்சில் 50 சொச்சம். அரசு பிளாக் கரண்ட் சாகுபடியை ஊக்குவித்தது. பிரிஸ்டலில் 1938இல் விற்பனைக்கு வந்த ‘ரைபீனா’ என்ற பிளாக் கரண்ட் சர்பத்தைக் குழந்தைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். (நம் நெல்லிக்காய் இந்தக் கணக்கையும் தாண்டும். ஆனால் லண்டனில் நெல்லிக்கு எங்கே போவது?)

◆ அதே போரில் கிராமத்துப் பெண்களின் அமைப்பான ‘விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்’ ஜாம் கிண்டக் களமிறங்கியது. சர்க்கரைக்கே ரேஷன் என்ற நிலையில் ஜாமுக்கென்று தனி ஒதுக்கீடு. அடைக்கும் இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. 1940க்கும் 1945க்கும் இடையில் அந்தப் பெண்கள் 5,300 டன்னுக்கு மேல் பழங்களை வீணாகாமல் காப்பாற்றினார்கள். தோட்டங்களில் உதிர்ந்து அழுகியிருக்க வேண்டிய பழங்கள்.

◆ 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதி, ஒரு கிலோ ஜாமில் குறைந்தது 350 கிராம் பழம் இருக்க வேண்டும் என்றது. பிளாக் கரண்டுக்கு 250 கிராம் போதும் என்று சலுகை கொடுத்தது. ரோஜாக்கனி போன்ற சிலவற்றுக்கும் அப்படியே. கொஞ்சம் போட்டாலே அதன் சுவை தூக்கி அடிக்கும்.

◆ பொறுமைக்குப் பரிசு கொடுப்பதென்றால் பிரான்ஸின் பார்-லெ-டுக் ஊருக்குத்தான் கொடுக்க வேண்டும். பிளாக் கரண்டின் உறவான சிவப்பு, வெள்ளைக் கரண்ட் பழங்களில், ஒவ்வொன்றாக வாத்து இறகின் முனையால் விதையைக் குத்தி எடுத்து ஜாம் செய்கிறார்கள். விலையைக் கேட்காமல் இருப்பது நல்லது.

◆ ரஷ்யர்களுக்கு அடுப்பே வேண்டாம். பழத்தை அரைத்து, ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ சர்க்கரை கலந்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிடுகிறார்கள். சூடு படாததால் வைட்டமின் சி அவ்வளவாகச் சேதமாவதில்லை. இலையையும் விடுவதில்லை. வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியில் போட்டால் காய் மொறுமொறுப்பாக இருக்கும்.

◆ அமெரிக்காவில் ஒரு காலத்தில் இந்தச் செடியை வளர்ப்பதே குற்றம். வெள்ளைப் பைன் மரங்களைச் சாகடிக்கும் துருநோய்ப் பூஞ்சை, மரத்திலிருந்து மரத்துக்கு நேராகத் தாவாது. நடுவில் இந்தப் புதரில் தங்கித்தான் போகும். மர வியாபாரமா, ஜாமா என்ற கேள்வி வந்தபோது மரம் ஜெயித்தது. புதர்களைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். மத்திய அரசின் தடை 1966இல் போனது. நியூயார்க் மாநிலம் 2003இல்தான் அனுமதித்தது. இடையில் ஒரு தலைமுறைக்கே அந்தச் சுவை மறந்துவிட்டது. லண்டனிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் ஸ்கிட்டில்ஸ் பாக்கெட்டில் ஊதா மிட்டாய் பிளாக் கரண்ட். நியூஜெர்சியிலிருந்து வருகிறவர் கொண்டுவந்தால் அதே ஊதா, திராட்சை.