வாக்கரோடு நடப்பவர்களைத் துரத்தும் மம்மி

மம்மி படங்கள் மீது ரசிகர்களுக்கு வெகுகாலமாக ஒரு குறை உண்டு. துணி சுற்றிய பிணம் ஒன்று காலை இழுத்து இழுத்து வருகிறது. அதனிடமிருந்து தப்பிக்க ஓடக்கூட வேண்டாம், கொஞ்சம் எட்டி நடந்தாலே போதும். அப்புறம் என்ன பயம்? 1940-இல் யுனிவர்சல் எடுத்த 'தி மம்மிஸ் ஹேண்ட்' படத்திலும் அதன் தொடர்ச்சிகளிலும் இதே கதைதான். நல்ல கால் கையோடு இருக்கும் ஆட்கள், மம்மி வரும்போது மட்டும் சொல்லிவைத்த மாதிரி தடுக்கி விழுவார்கள் அல்லது நின்ற இடத்திலேயே உறைந்துபோவார்கள்.

2002-இல் வந்த 'பப்பா ஹோ-டெப்' இந்தக் கேள்வியை எளிதாகத் தீர்த்துவிட்டது. அதில் மம்மி துரத்துவது முதியோர் இல்லத்தில் இருப்பவர்களை. அவர்கள் மம்மியைவிட மெதுவாக நடப்பவர்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடக்கும் கதை இது. இடுப்பு முறிந்து வாக்கரைப் பிடித்து நடக்கும் ஒரு கிழவர், தான்தான் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி என்கிறார். உலகம் அறிந்த எல்விஸ் 1977-இல் இறந்துவிட்டார். இவரோ, புகழ் சலித்துப்போய், தன்னைப்போல் வேஷம் கட்டிப் பாடுகிற ஒருவனோடு இடம் மாற்றிக்கொண்டதாகவும் செத்தது அவன்தான் என்றும் சொல்கிறார். அதே இல்லத்தில் ஜாக் என்றொரு கறுப்பினப் பெரியவர். அவர் தன்னை அதிபர் கென்னடி என்கிறார். கொல்லப் பார்த்தவர்கள் தன் தோலுக்குச் சாயம் ஏற்றி இங்கே ஒளித்துவைத்துவிட்டார்களாம். இருவரையும் அங்கே யாரும் நம்புவதில்லை. இரவானால் அந்த இல்லத்துக்கு ஓர் எகிப்திய மம்மி வருகிறது. தலையில் கௌபாய் தொப்பி, காலில் பூட்ஸ். வயதானவர்களின் ஆத்மாவை அது உறிஞ்சிக் குடிப்பது ஆசனவாய் வழியாக. ஆமாம், படம் அந்த மாதிரிதான்.

ஜோ ஆர். லான்ஸ்டேல் எழுதிய குறுநாவலைப் படமாக்கியவர் டான் காஸ்கரெல்லி. 1979-இல் 'ஃபேன்டாஸம்' என்ற பேய்ப்படத்தை எடுத்தவர். எல்விஸாக நடித்த புரூஸ் கேம்பல் 'ஈவில் டெட்' படங்களின் நாயகன். இந்த இரண்டு பெயர்களையும் பார்த்ததும் ரத்தமும் அலறலுமாக ஒரு படத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏராளம். பார்த்தவர்களின் கருத்து இரண்டாகப் பிளந்ததற்கு முதல் காரணமே இந்த எதிர்பார்ப்புதான்.

அதற்கு முன் பணக்கணக்கைப் பார்த்துவிடலாம். 1999-இல் ஸ்டீபன் சோமர்ஸ் எடுத்த 'தி மம்மி' படத்துக்கு ஆன செலவு சுமார் 8 கோடி டாலர். 'பப்பா ஹோ-டெப்' பத்து லட்சம் டாலர் அளவில் முடிந்த படம். சின்னத் தயாரிப்பாளர்களுக்கு மம்மி எப்போதுமே சௌகரியமான பிராணி. அது பேசாது, முகம் காட்டாது, வேகமாக ஓடாது. சண்டைப் பயிற்சி உள்ள ஓர் ஆளுக்கு முகமூடியும் உடுப்பும் மாட்டி, இருட்டில் நிற்கவைத்துப் பின்னாலிருந்து ஒரு விளக்கைப் போட்டால் காட்சி கிடைத்துவிடும். காஸ்கரெல்லியும் அதைத்தான் செய்தார். ஒரு கட்டடம், ஒரு நீண்ட நடைவழி, சில அறைகள்; கதையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே நடக்கிறது. எல்விஸைப் பற்றிய படத்தில் எல்விஸ் பாட்டு ஒன்றுகூட இல்லை. அந்தப் பாட்டுகளின் உரிமையை இந்தப் பணத்தில் வாங்க முடியாது. அந்தக் குறை தெரியாமல் கிட்டாரைப் பிரதானமாக வைத்து இசையமைத்தவர் பிரையன் டைலர்.

படம் பிடிக்காதவர்கள் சொல்வதைக் கேட்டால், பெரும்பாலும் மூன்று குறைகள் வரும். மம்மி கொஞ்ச நேரமே வருகிறது, நடுப்பகுதி நகரவே இல்லை, பேச்சில் கொச்சை அதிகம். மூன்றுமே உண்மைதான்.

ஆனால் முதல் குறைக்கு ஒரு சின்னப் பின்கதை உண்டு. 1932-இல் போரிஸ் கார்லோஃப் நடித்த 'தி மம்மி'யில், துணி சுற்றிய மம்மியாக அவர் வருவது தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டுமே. அந்த ஒப்பனைக்கு எட்டு மணி நேரம் பிடித்தது என்பார்கள். அதிலும் மம்மி எழுந்து நடப்பதை நமக்குக் காட்டவே இல்லை. ஒரு கை மேசைமேல் நீள்கிறது, அவிழ்ந்த துணியின் நுனி தரையில் இழுபட்டு வெளியே போகிறது, பார்த்த இளைஞன் பைத்தியம் பிடித்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான். மம்மி படம் என்ற வகைக்கே அடித்தளம் போட்ட படம் மம்மியை இப்படி ஒளித்துத்தான் வைத்தது. நிறையக் காட்டினால்தான் நல்ல மம்மி படம் என்பது கணினி வரைகலை வந்தபிறகு பழகிய ருசி.

இரண்டாவது குறை நியாயமானது. ஒன்றரை மணி நேரப் படத்தில் கிழவர் படுத்திருக்கிறார், கூரையைப் பார்க்கிறார், பழையதை நினைக்கிறார். தன் மகளைக் கவனிக்காமல் விட்டதை எண்ணி மருகுகிறார். பேய்ப்படத்துக்கு வந்தவருக்குக் கொட்டாவி வரத்தான் செய்யும். படத்தைக் கொண்டாடுபவர்கள் மனப்பாடமாகச் சொல்வதும் இதே காட்சிகளைத்தான் என்பது வேடிக்கை. அவற்றில் ஒன்று: எல்விஸின் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் இறந்துபோகிறார். அதுவரை எட்டிப் பார்க்காத அவருடைய மகள் சாமான்களை எடுக்க வருகிறாள். அப்பாவின் புகைப்படங்களையும், போரில் காயம்பட்டதற்காக அவர் பெற்ற பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தையும் குப்பைக்கூடையில் போடுகிறாள். அதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று எல்விஸ் கேட்கிறார். மம்மி வந்து உயிரை எடுப்பதற்கு முன்னாலேயே அங்கே ஒரு மனிதரை அழித்துவிட்டார்கள். படத்தில் எனக்கு மிகவும் பயம் தந்த காட்சி இதுதான். இதில் மம்மியே கிடையாது.

ஜாக்காக நடித்த ஆசி டேவிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் இறுதிச்சடங்கில் 1965-இல் இரங்கல் உரை ஆற்றியவர் அவர். கென்னடி பிறந்த அதே 1917-இல் பிறந்தவர். சிவில் உரிமைப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்ற ஒரு கறுப்பின நடிகர், எண்பதைத் தாண்டிய வயதில், நான்தான் கென்னடி என்று துளிகூடச் சிரிக்காமல் சொல்கிறார். நகைச்சுவைக்கு எழுதிய பாத்திரம்தான். அவர் முகத்தில் அது வேறு கனத்தோடு வந்து உட்காருகிறது. படத்தைத் திட்டுபவர்கள்கூட கேம்பல், டேவிஸ் இருவரின் நடிப்பைப் பெரும்பாலும் திட்டுவதில்லை.

கடைசிச் சண்டை சுமார்தான். வெள்ளை ஜிகினா உடையும் தோளில் அங்கியுமாக வாக்கரைத் தள்ளிக்கொண்டு எல்விஸ், மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் ஜாக், கையில் பூச்சிமருந்து தெளிப்பான் மாதிரி ஒரு சாதனம். எண்ணத்தில் இருக்கும் அழகு காட்சியாக்கியதில் பாதிதான் தேறியிருக்கிறது. பணத்தட்டுப்பாடு தெரியும் இடம் இது. மம்மியின் வசவுகளைச் சித்திர எழுத்தில் திரையில் காட்டி மொழிபெயர்த்திருப்பது மட்டும் நல்ல குறும்பு.

கொச்சையைப் பொறுத்தவரை சமாதானம் சொல்ல முடியாது. கிழவரின் முதல் கவலையே அவருடைய ஆண்குறியில் வந்த கட்டி. அதைப் பற்றிய பேச்சு படம் முழுக்க வருகிறது. நோயும் முதுமையும் உடம்பை எப்படி அவமானப்படுத்துகின்றன என்று காட்ட இது தேவை என்பது ஒரு கட்சி. ஒரு தடவை சொன்னால் போதாதா என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

இப்படி ஒரு படத்தை விற்பதும் சுலபமாக இருக்கவில்லை. வெறும் 32 பிரதிகள் போட்டு, விழாக்களுக்கும் ஊர் ஊராகத் தியேட்டர்களுக்கும் கொண்டுபோனார்கள். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கில் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். பிறகு டிவிடி வந்தது. தேடிப் பிடித்துப் பார்க்கும் ஒரு கூட்டமும் சேர்ந்தது.

ஆகவே இந்தப் படத்தைப் பற்றி யாராவது 'ஒன்றுமில்லாத படம்' என்றோ 'அற்புதம்' என்றோ சொன்னால், அவர் பார்க்கப் போனது மம்மியையா, கிழவர்களையா என்று கேளுங்கள். மம்மிக்காகப் பார்க்க நினைப்பவர் 1999 படத்தைப் போட்டுக்கொள்ளலாம், அதில் ஏமாற்றம் இல்லை. இரண்டு முதியவர்களின் நட்பைக் கொஞ்சம் கிண்டலோடும் கொஞ்சம் வலியோடும் பார்க்கப் பொறுமை இருந்தால் இதைப் பாருங்கள். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள்.