அருகி வரும் பிராணிகளைக் காத்தல்: எதற்கு முதலிடம்?

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் ஏரிப் பாசன நிலம் உடையவர்கள் பாலாமையை நன்கு அறிவார்கள். மெல்லிய தோல் போர்த்த ஓட்டையுடைய இது, ஏரிச் சேற்றிலும் பழைய இறவைக் கிணறுகளிலும் வசிப்பது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில், இதுவும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் புலியின் பொருட்டு 1973-இலேயே ஒன்பது காப்பகங்களுடன் தனித்திட்டம் ஆரம்பமாயிற்று. பாலாமையைப் பற்றி அவ்வளவு ஆரவாரம் இல்லை. சட்டத்தில் சம இடம் பெற்றவை கஜானாவில் சம இடம் பெறாதது ஏன் என்று ஒருவர் கேட்பது நியாயமே.

இதன் காரணம் குடியானவருக்கு விளங்காததன்று. மழை பொய்த்த வருஷத்தில் அரை ஏரித் தண்ணீரை ஆயக்கட்டு முழுவதற்கும் திறந்துவிட்டால் எந்த வயலும் விளையாது. கதிர் வாங்கும் தறுவாயில் நிற்கும் பயிர் எது, இனி நீர் விட்டாலும் தேறாதது எது, கிணற்று நீரைக் கொண்டு சமாளிக்கக் கூடியது எது என்று பார்த்தே மடை திறக்கப்படும். அரசாங்கமும் ஏறக்குறைய இவ்வாறே ஆராய்கிறது. ஒரு பிராணி எவ்வளவு குறைந்துவிட்டது, வேறு தேசங்களில் உண்டா, அது அழிவதற்குக் காரணம் தெரியுமா, தெரிந்தால் அதை நீக்குதல் கூடுமா, செலவு எவ்வளவு என்பவை முக்கியமான கேள்விகள். நியூஸிலாந்தில் இதை ஒரு கணக்காகவே போடும் முறை வகுக்கப்பட்டு 2009-இல் வெளியிடப்பட்டது. முயற்சியால் வரும் பலனையும் அது வெற்றி பெறும் வாய்ப்பையும் பெருக்கிச் செலவால் வகுத்தால், எந்த வேலைக்கு முதலில் பணம் கொடுப்பது என்பது தெரியவரும்.

தமிழ்நாட்டில் வரையாடு நல்ல உதாரணம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைகளில் அன்றி அது வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆகையால் 2022-இல் அதற்கென 25.14 கோடி ரூபாய்த் திட்டம் மஞ்சூராயிற்று. 2025-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் இம்மாநிலத்தில் 1,303 வரையாடுகள் காணப்பட்டன. அது மாநில விலங்கு என்ற கௌரவமும் திட்டத்திற்கு அனுகூலமாயிருந்திருக்கும்; இத்தகைய கணக்குகளில் புகழுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. புகழ் குறைந்த நான்கு பிராணிகளுக்கு 2025-இல் ஒதுக்கப்பட்டது மொத்தம் 1 கோடி ரூபாய். அதில் சிங்கவால் குரங்குக்கு 48.50 லட்சம், மதராஸ் முள்ளெலிக்கு 20.50 லட்சம், காவிரியின் மகசீர் என்னும் பெருமீனுக்கு 17 லட்சம், கழுதைப்புலிக்கு 14 லட்சம். கழுதைப்புலி ஆப்பிரிக்காவிலும் உண்டு. ஆகவே உலகிலிருந்து மறையுமா என்பதோடு, இம்மாநிலத்திலிருந்து மறையுமா என்பதும் கவனிக்கத் தக்கதாயிற்று.

பணத்தைவிடத் தடையுத்தரவே அதிகம் உதவிய விஷயமும் உண்டு. 1990-களில் தேசமெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாண்டன. மாடுகளுக்கு வலி நீக்கப் போடப்பட்ட டைக்ளோபெனாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம் என்று 2004-இல் வெளியாயிற்று. 2006-இல் கால்நடை உபயோகத்திற்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோபென், அசிகுளோபெனாக் ஆகியவையும் தடுக்கப்பட்டன. மாடு வைத்திருப்போர் வைத்தியரிடம் மெலாக்ஸிகாம் கேட்டுப் பெறலாம். அது கழுகுக்குத் தீங்கு செய்வதில்லை.

பாலாமையும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதற்கு மலையோ காப்பகமோ வேண்டாம். ஏரி ஏரியாக இருந்தால் போதும். அம்பத்தூரில் ஏரியைச் சுற்றிய நிலங்கள் பெரும்பாலும் தொழிற்பேட்டையும் மனைக்கட்டுமாகிவிட்டமையால், எஞ்சிய ஏரிகளில் நடக்கும் வேலையே அதன் கதியை நிர்ணயிக்கும். கோடையில் ஏரி வற்றும்போது ஆமை ஈரச் சேற்றில் புதைந்து, மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். வண்டல் எடுக்க இயந்திரம் இறங்குவதும் அக்காலத்திலேயே. வண்டல் எடுக்கும் அனுமதியை 2024 முதல் தாசில்தாரே அளிக்கலாம் என்று ஏற்பட்டபின் இவ்வேலை பெருகியுள்ளது. வண்டல் நிலத்துக்கு நல்லது. அதை வேண்டாமென்று சொல்வாரில்லை. ஆனால் நீர் கடைசியாக வற்றும் ஆழமான இடத்தை வெட்டாமல் ஒரு பகுதியேனும் விட்டுவைத்தால் ஆமைக்குப் புகலிடம் இருக்கும்.

சேற்றுடன் மேலே வந்த ஆமையை வீட்டுக்குக் கொண்டுபோதல் கூடாது. கிணற்றில் ஆமை இருந்தால் தண்ணீர் சுத்தமாயிருக்கும் என்று பிடித்து விடும் பழைய வழக்கமும் இப்போது குற்றமே. முதல் அட்டவணைப் பிராணியைப் பிடித்தாலோ கொன்றாலோ 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கண்டெடுத்த ஆமையை அதே ஏரியில் நீர் தங்கிய குட்டையில் விடுவதும், அடிபட்டிருந்தால் வன இலாகாவுக்கு உடனே தெரிவிப்பதும் செய்யத்தக்கவை. கிராம அதிகாரிகள் வண்டல் அனுமதிக்கு ஸ்தலத்தைப் பார்வையிடும்போது, வெட்டாமல் விடவேண்டிய ஆழப் பகுதியையும் அடையாளம் இட்டு, இயந்திரம் ஓட்டுவோருக்குக் காட்டிவிடுவது நலம்.