கோல் முனையில் ஒரு மில்லிசெக்கன்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களில் கரம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: சுண்டியபின் விரலுக்கு வேலை இல்லை. ஸ்ரைக்கர் காயில் போய் மோதும்போது விரல் பின்னாலேயே நின்றுவிடும். ஸ்ரைக்கர் எந்தக் கதியில், எந்தத் திசையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு.

அதே ஆட்கள் பூல் மேசைக்கு வந்து கியூக் கோலைப் பிடித்ததும் இது மறந்துபோகும். கோல் கடைசிவரை கையிலேயே இருப்பதால், பந்தைக் கையால் தள்ளுவதாகவே தோன்றும். உண்மை அதுவா?

பூல் கியூவின் திணிவு ஏறக்குறைய 540 கிராம். பந்து 170 கிராம். கோலின் தோல் முனை பந்தைத் தொட்டிருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன், அதாவது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓய்விலிருந்த கோலை 30 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் செக்கனுக்கு 3 மீற்றர் கதிக்குக் கொண்டுவருகிறோம் என்று வைப்போம். சீரான ஆர்முடுகல் என்றால் அது 15 மீ/செ². தொடுகை நேரத்திலும் கை அதேபோல் முடுக்கினால் கூடும் கதி செக்கனுக்கு 1.5 சென்ரிமீற்றர், அரை வீதம்தான். அந்த ஒரு மில்லிசெக்கனில் கை இருந்தும் இல்லாத மாதிரி. நடுவில் பட்ட பந்து செக்கனுக்கு 4 மீற்றரை ஒட்டிய கதியில் ஓடிவிடும். கோலின் கதியோ 2 மீற்றருக்கும் கீழே இறங்கிவிடும். ஓடிய பந்தைக் கோல் இனி எட்டிப் பிடிக்காது.

கரத்தில் ஸ்ரைக்கர் 15 கிராம் வரை, காய் 5 கிராமுக்குச் சற்று மேல். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. கோலுக்கும் பந்துக்கும் இடையிலும் அதே விகிதம்தான். மோதும் கணத்தில் கோல் கையில் இருக்கும் ஒரு நீள ஸ்ரைக்கர். இரண்டு ஆட்டத்திலும் தள்ளுவது சட்டப்படி தவறு.

அப்படியென்றால் கையின் திறமை எதில் இருக்கிறது? தொடுகைக்கு முந்திய சில அங்குலங்களில். கோலைப் பின்னிழுத்து, ஒரு கணம் தரித்து, மெதுவாகத் தொடங்கிக் கதியைக் கூட்டி, உச்சக் கதி பந்தில் படும் இடத்தில் அமைய வேண்டும். உச்சத்தில் ஆர்முடுகல் பூச்சியத்தை நெருங்கும். அங்கே கதி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதனால் தொடுகை ஒரு சென்ரிமீற்றர் முன்னே பின்னே நேர்ந்தாலும் பந்தின் கதி பெரிதாக மாறாது. முன்னங்கை முழங்கையிலிருந்து நேரே கீழே தொங்கும் நிலையில் பந்தைத் தொடும்படி நிற்கச் சொல்வதும் இதற்காகவே. கோல் கிடையாகப் போகும் இடமும் அதுதான்.

உச்சம் முந்தி வந்துவிட்டால் அமர்முடுகல் தொடங்கிவிடும். தடுக்கும் தசைகள் இறுகும், பிடி நெரியும், முனை ஒரு பக்கம் சாயும். மெதுவான அடிகளில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். மெல்ல அடிக்கவேண்டுமானால் பின்னிழுப்பைக் குறைப்பது நல்லது. நீளமாக இழுத்துவிட்டு நடுவழியில் பிரேக் போடக்கூடாது. அடித்தபின் கோலை முன்னே போகவிடு என்ற அறிவுரையின் பொருளும் இங்கே விளங்கும். பந்து ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் கோலை உடனே நிறுத்த நினைப்பவன் பந்தைத் தொடுமுன்னரே நிறுத்தத் தொடங்கிவிடுகிறான்.

இந்தக் கதிக் கட்டுப்பாட்டுக்குக் கடும் சோதனை பில்லியட்ஸ். மூன்றே பந்துகள், ஒவ்வோர் அடியிலும் அவை அடுத்த அடிக்கு வாய்ப்பான இடத்தில் வந்து நிற்கவேண்டும். இலங்கையின் எம். ஜே. எம். லாபீர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பட்டம் வென்றது இந்த ஆட்டத்தில்தான்.

உங்கள் அடியைக் கைத்தொலைபேசியில் செக்கனுக்கு 240 படங்கள் வீதம் பதிந்து பாருங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லிசெக்கன். தொடுகை பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் ஒளிந்துவிடும். அதற்கு முந்திய படங்களைப் பாருங்கள். முனை தாண்டும் தூரம் படத்துக்குப் படம் கூடி, பந்தை நெருங்கும்போது சமமானால் அடி சரி. குறைந்தால், கை பந்துக்கு முன்னமே நின்றுவிட நினைத்திருக்கிறது.