எண்டோஸ்கோப்பிக்கும் தெரியாத அடைப்பு

“சோறு நெஞ்சிலேயே நிற்குது, தண்ணி குடிச்சாத்தான் இறங்குது” என்று ஒருவர் சொன்னால், வீட்டில் முதலில் கேஸ் டிரபிள் என்பார்கள். அசிடிட்டி மாத்திரை மாதக்கணக்கில் ஓடும். பிறகு எண்டோஸ்கோப்பி எடுத்து, ‘எல்லாம் நார்மல்’ என்ற ரிப்போர்ட்டும் வரும். பலரும் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே நிற்கவே கூடாது.

எண்டோஸ்கோப்பியைக் குறை சொல்லவில்லை. விழுங்கச் சிரமம் என்றால் முதலில் எடுக்க வேண்டியது அதுதான். புற்றுநோய், புண், சுருக்கம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆனால் அது காட்டுவது உட்சுவரை. உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். விழுங்கியதும் மேலிருந்து கீழாக அலைபோல் சுருங்கி உணவைத் தள்ள வேண்டும். அடியிலுள்ள சுருக்குத்தசை அந்நேரம் தளர்ந்து வழிவிட வேண்டும். இந்த இயக்கம் கெட்டிருந்தால், தொடக்கத்தில் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமலே போகலாம்.

அப்படிப்பட்ட நோய்தான் அக்கலேசியா. உணவுக்குழாயின் நரம்புச் செல்கள் அழிந்து, அலை நின்றுபோகும், சுருக்குத்தசை தளராது. ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்குப் புதிதாக வரும் அரிய நோய். சாப்பிட்டது தேங்கி, படுத்தால் வாய்க்கு வரும். இரவில் இருமல், எடை இழப்பு என்று நீளும். எதுக்களிப்பு என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மருந்து தின்றவர்கள் உண்டு.

டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டியது ஒன்று: கெட்டி உணவு மட்டும் சிக்குகிறதா, தண்ணீருமா? முதலில் கெட்டி உணவும் போகப்போகத் தண்ணீரும் என்றால் வழி குறுகி வருகிறது என்ற சந்தேகம் வரும். தொடக்கம் முதலே இரண்டும் சிக்கினால், இயக்கக் கோளாறைத் தேட வேண்டும்.

பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால், அக்கலேசியாவில் குழாயின் அடிப்பகுதி பறவையின் அலகுபோல் கூராகத் தெரியும். அதை உறுதிசெய்வது மேனோமெட்ரி. வெறும் வயிற்றில் போக வேண்டும். மூக்கை மரத்துப்போகச் செய்து, மெல்லிய டியூப் ஒன்றை அதன் வழியே இரைப்பை வரை இறக்குவார்கள். பரவலாகப் பயன்படும் நவீன டியூபில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒன்றாக 36 சென்சார்கள் இருக்கும். 5 மி.லி. உப்புநீரைப் பத்து முறை விழுங்கச் சொல்வார்கள். ஒவ்வொரு விழுங்கலின் அழுத்தமும் கம்ப்யூட்டரில் வண்ணப்படமாக விரியும்: குறைந்த அழுத்தம் நீலம், கூடினால் சிவப்பு. சொன்னபோது விழுங்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து கிடையாது. டியூப் இறங்கும்போது குமட்டும், கண்ணில் நீர் வரும். மூச்சை நிதானமாக விட்டால் பொறுத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பலன் உண்டு. அக்கலேசியா மூன்று வகை என்று பிரித்துச் சொல்வது இந்தச் சோதனைதான். சிகிச்சை அதையொட்டியே முடிவாகிறது. 1674-இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், திமிங்கல எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி உணவை உள்ளே தள்ளவைத்து ஒரு நோயாளியைக் காப்பாற்றினார். இன்று பலூனால் விரிக்கலாம், லேப்ராஸ்கோப்பியில் தசையை வெட்டிவிடலாம். ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008-இல் தொடங்கிய ‘போயம்’ முறையில், வெளியே தழும்பே இல்லாமல் எண்டோஸ்கோப் வழியாகவே அதைச் செய்கிறார்கள். அழிந்த நரம்பு திரும்பாது, சோறு இறங்கும்.

பக்கவாதத்துக்குப் பின் தண்ணீர் குடித்தாலே புரையேறுவது வேறு சிக்கல். அதற்கு விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

எண்டோஸ்கோப்பி நார்மல் என்று வந்தபின்னும் சாப்பாடு சிக்கினால், இரைப்பை குடல் மருத்துவரிடம், “எனக்கு மேனோமெட்ரி தேவையா?” என்று தயங்காமல் கேளுங்கள்.